எதில் செருகினாலும்

அஸ்ரின் தன் பென் டிரைவைச் செருகிய நாலு கம்ப்யூட்டரும் அவள் எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் சமர்த்தாக எழுந்துவிட்டன. வேலைக்கு ஆள் எடுக்க உட்கார்ந்திருந்த மேனேஜர் அனந்தகிருஷ்ணனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனுக்குப் போடவென்று மூலையில் கிடந்த ஒரு கிழட்டு டப்பாவைத் தூக்கிவந்து வைத்தார்.

“இதுல போடு, பார்க்கலாம்.”

அதுவும் எழுந்தது.

“எங்க ஆட்கள் பத்துப் பேர் ஒரு வருஷம் எழுதினது, எங்க லேபைத் தாண்டினா ஓட மாட்டேங்கறது. நீ இதை எங்கேர்ந்து சுட்டே?”

“சுடல சார். நானே எழுதுனது.”

“டெஸ்ட் பண்ண உனக்கு லேப் ஏது?”

“தாராவிதான் சார். தோல் பட்டறை, ஜெராக்ஸ் கடை, கிளினிக்னு எழுபது கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சு. சாப்பாடு, ஜும்மா தொழுகைன்னு அவங்க எந்திரிச்சுப் போற நேரத்துக்குக் கேட்டு வாங்கிக்கிடுவேன். பென் டிரைவ உருவிட்டா அவங்க கம்ப்யூட்டர் பழையபடி இருக்கும்.”

“கதை விடாதே! நாளைக்கு உன் சொந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டு வா. நீ எழுதினது அதுல இருக்கணுமோல்லியோ? பார்த்துட்டு நம்பறேன்.”

அஸ்ரின் பென் டிரைவை உருவிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“எனக்குச் சொந்தமா கம்ப்யூட்டரே கெடையாது சார். ஒண்ணு இருந்திருந்தா, நானும் ஒங்க ஆளுங்க மாதிரி அதுல மட்டும் ஓடுறதத்தான் எழுதியிருப்பேன்.”