கேற்றடிச் செருமல்

“படமெல்லாம் நான் பார்க்க மாட்டன் மகன். ஒங்கட வாப்பாவுக்கும் புடிக்காத வேல.”

“பார்க்க வேணாம் உம்மா, கேளுங்க. இந்தச் சத்தத்துக்குத்தான் எனக்கு விருது தந்தாங்க.”

திரைப்பட ஒலி வடிவமைப்பாளன் இன்ஸாப் மடிக்கணினியைத் திறந்தான்.

“சுவரப் பார்த்துக்கிட்டுக் கேக்கன், போடு.” சுலைஹா உம்மா திரும்பி உட்கார்ந்தார்.

வாசல் கேற் கிறீச்சிட்டது. உள்ளே வேற்றுப் பெண்கள் இருந்தால் முக்காட்டைப் போட்டுக்கொள்ளட்டும் என்று வீட்டுக்கு வரும் ஆண்கள் செருமுவார்களே, அந்தச் செருமல் கேட்டது.

“நிப்பாட்டு, நிப்பாட்டு! வாப்பா வந்துட்டார். பஸ்லியா, தேத்தண்ணி வை புள்ள!”

மகள் பஸ்லியா அசையவில்லை.

“அது படத்துக்குள்ள உம்மா,” என்றான் இன்ஸாப். “வாப்பா மௌத்தாக முந்தி, அவருக்குத் தெரியாம நான் பதிஞ்சு வெச்சது.”

அவர் இறந்ததிலிருந்து வருடக்கணக்காக அந்த வீடு கேளாத செருமல். உம்மா மெல்லத் திரும்பினார்.

“சத்தத்தக் கூட்டி இன்னொருக்காப் போடு மகன்.”