நாலு விரல் கீழே

அந்த ஊரில் மனித உடம்பை இன்சூரன்ஸ் கம்பெனிகள் பங்கு போட்டிருந்தன. சிங்காரவேலுவின் வயிறு ஒரு கம்பெனியிடம், முழங்கால்கள் இன்னொன்றிடம். நெஞ்சை எவனும் எடுக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் முழு ஆளையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அதற்கு அக்கரையில் பிறந்திருக்க வேண்டும்.

"வலி நாலு விரல் கீழே இருந்தா வயித்துக் கணக்குல சேர்த்துக்கலாம்மா," என்றார் ஆஸ்பத்திரி குமாஸ்தா, நிஜமான வருத்தத்தோடு.

வேதவல்லி விளக்கெண்ணெய் தொட்டு, புருஷன் நெஞ்சிலிருந்து வலியைக் கீழ்நோக்கி நீவ ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் நானே செய்யணுமா? நீங்களும் கொஞ்சம் தள்ளுங்க."

"இறங்குதுடி. ரெண்டு விரல் வந்துடுச்சு," என்றார் அவர். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

குமாஸ்தா ஆவலாக எட்டிப் பார்த்தார். "இப்ப எங்கம்மா வலிக்குதாம்?"

"எங்கேயும் வலிக்கலையாம்," என்றாள் அவள், நீவுவதை நிறுத்தாமல்.