விடாத நீலம்

மங்கையர்க்கரசியின் கண்கள் செயற்கைக் கண்கள். அவற்றில் எதையாவது வரைய வேண்டுமானால், வரையும் நிரல் முதலில் கண்ணிடம் ஒரு தளம், அதாவது பார்வையின் மேல் விரியும் ஒரு வெற்றுத்திரை, கேட்டு வாங்க வேண்டும். வரைந்ததும் திருப்பித் தர வேண்டும். அப்படிப்பட்ட நிரல்களை எழுதுவதுதான் அவள் கணவன் நன்மாறனுக்கு வேலை.

சமைக்கும்போது அவளுக்கு மணி தெரியட்டும் என்று பார்வையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் வைக்க நினைத்தான். சோதனைக்காகத் தளம் முழுவதும் நீலம் பூசினான். தளத்தைத் திருப்பித் தருவதற்குள் அவன் நிரல் பாதியில் செத்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் ஒழுங்கா செய்வீங்க. பொண்டாட்டி கண்ணுலதான் பரீட்சையா?" என்று சிரித்தாள். "எடுங்க, ஒண்ணும் தெரியலை."

நிரலைப் புதிதாக ஓடவிட்டு மறுபடி தளம் கேட்டான். அது வேறொரு நிரலிடம் இருப்பதாகக் கண் பதில் சொன்னது. செத்துப்போன அந்த நிரல் இப்போது எங்கும் இல்லை; திருப்பித் தர ஆளில்லை.

கண் பொருத்திய மருத்துவரை அழைத்தான்.

"கண்ணையே அணைச்சாத்தான் தளத்தை விடும் சார். ஆனா இந்த மாடலை அணைச்சா திரும்ப உயிர் வராது."

பள்ளிவிட்டு வந்த மகள் அம்மாவின் மடியில் ஏறி வாயைத் திறந்து காட்டினாள். மங்கையர்க்கரசி மகளின் முகத்தைத் தடவினாள். முன்பல் விழுந்த இடத்தில் விரல் நின்றது.

பிறகு கண்ணை மூடிப் படுத்தாள்.

"மூடினாலும் நீலமாவே இருக்குங்க. லைட்டையாவது அணைங்களேன்."

வெளியே வெயில். வீட்டில் எந்த விளக்கும் எரியவில்லை. நன்மாறன் எழுந்து போய் ஸ்விட்சை இருமுறை தட்டினான்.

"இப்ப?"

"ம். கொஞ்சம் பரவாயில்லை" என்றாள்.