மலை வழியே பாபநாசம்

பூதப்பாண்டிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது கொல்லம் ஆயிரத்து நூறாம் ஆண்டு, அதாவது 1925, மாசியில். அசம்பு மலைத் தோட்டத்து வெள்ளைக்காரன் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதை, ஐம்பத்தெட்டு வயதுப் பகவதியப்பபிள்ளை வாங்கி வாசலில் நிறுத்தினார். அதோடு விட்டாரா? ரோடே இல்லாத காட்டு வழியாக மலையைத் தாண்டி, பாபநாசம் போகப்போவதாகவும் சொன்னார்.

ஊர் சிரித்தது. அவருடைய அக்காள் மகன் கோலப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

அவன் ஏன் சிரிக்கப்போகிறான்? நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அன்றைக்கு மருமக்கள் தாயம். தாய்மாமன் கண்ணை மூடினால் சொத்து அக்காள் மகனுக்கு. பெற்ற பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாமாவுக்கோ முப்பது கோட்டை நெல் விதைக்கிற அளவு, முப்பது கோட்டை விதைப்பாடு வயல். பாதியையாவது பிள்ளைகள் பேருக்கு எழுத விடு என்று மாமா போன வருஷம் கெஞ்சிப் பார்த்தார். கோலப்பன் மாட்டேன் என்றுவிட்டான். மருமகன் தடை சொன்னால் எழுத்து செல்லாது.

ஆனால் மாமா கிண்ணென்று இருந்தார்; ஒரு தும்மல்கூடக் கிடையாது. அவரே எமனைத் தேடி மலையேறுகிறேன் என்றால், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதானே.

"மெஷினை நம்பலாம் மக்கா, வழியை நம்ப முடியாது," என்றார் மாமா, வண்டியைத் துணியால் துடைத்தபடி. "நீ போய்ப் பாத்துட்டு வா. எங்க ஏத்தம், எங்க ஓடை, எங்க பாலம், எல்லாத்தையும் படமா வரைஞ்சிரு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"எத்தனை நாளுக்குள்ள வேணும் மாமா?"

"பதினஞ்சு நாள் ஆனாலும் சரி. அவசரம் வேண்டாம்."

அரிசி, கருப்பட்டி, கயிறு, ரம்பம் எல்லாம் கட்டிக்கொண்டு கோலப்பன் கிளம்பினான். வழி பார்க்க ரம்பம் எதற்கு என்று மாமா கேட்கவில்லை.

கீரிப்பாறைக்கு மேலே அட்டை கடித்தது. ஒரு நாள் கரடி துரத்தியது. முப்பது கோட்டை விதைப்பாடு சும்மா வருமா? நல்ல வழிகள் நாலு கண்ணில் பட்டன, நாலையும் தள்ளிவிட்டான். பதினோராம் நாள் தேடியது கிடைத்தது. கிடுகிடு பள்ளம், குறுக்கே மூன்று மரத்தடிகளைப் போட்ட பாலம். யானைக்குப் பயந்து ஆட்கள் எப்போதோ கைவிட்டது.

இரண்டு நாள் கயிற்றில் தொங்கியபடி, மூன்று தடியையும் அடிப்பக்கமாக அறுத்தான். பாதி அறுக்கும்போது ரம்பத்தை நிறுத்தினான். சின்ன வயதில் தோளில் தூக்கிச் சுமந்த மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்வாசியை மட்டும் விட்டுவைத்து மீதியையும் அறுத்தான். மேலே நின்று பார்த்தால் பாலம் பாலமாகவே இருந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தான். மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வழி வெண்ணெய் மாதிரி இருக்கு மாமா. பாலம் ஒண்ணு உண்டு, நேரா ஓட்டிட்டுப் போயிரலாம். எப்பம் பொறப்படுதீங்க?"

மாமா படத்தை விரித்துப் பார்த்து, கை நன்றாக ஓடியிருப்பதாகப் பாராட்டினார். மாமி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் எங்க மக்கா போக? இந்தச் சனியனை எனக்கு ஓட்டவே தெரியாதுல்லா."

கோலப்பனுக்குப் புரையேறியது. "பின்ன எதுக்கு வாங்கினீங்க?"

"நீ போய்க் குளிச்சிட்டு வா. அப்படியே பகுதிக் கச்சேரிச் சுவரையும் ஒருக்கப் பாத்துட்டு வந்திரு."

கோலப்பன் குளிக்கப் போகவில்லை, நிலவரி அலுவலகமான கச்சேரிக்கு ஓடினான். பகவதியப்பபிள்ளை தம் வயல் முழுவதையும் பிள்ளைகள் பேருக்கு எழுதுவதில் தடை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. கெடு நேற்றோடு முடிந்திருந்தது.

தினமும் காலையில் தெருத்தெருவாகத் தமுக்கடித்தும் யாரும் வரவில்லையாம். தடை சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள், மாமாவுக்கு வழி பார்க்க மலைமேல் போயிருந்தான்.