உறைந்த பாட்டில்

தொட்டித் தண்ணீர் சுட்டது. முத்தரசி வளர்க்கும் நாலுகால் நீர்ப்பிராணியான ஆக்ஸலாட்டல், சிரித்த முகம் மாறாமலேயே செவுள் சுருண்டு அடியில் கிடந்தது. ஏசிக்கு வக்கில்லாமல், உறைந்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டுத்தான் அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். அவள் சம்பளத்தில் வாங்கிய ஃபிரிட்ஜைத் திறந்தால் பாட்டிலைக் காணோம். கூடத்தில் தம்பி சுடலைமணி அதை உருகவிட்டு, அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் போட்ட கூச்சலுக்கு, “ஆம்பளப் பிள்ளைக்கு வேக்காதா, ஏட்டி? புழுவுக்குப் போயி ஐஸாம்!” என்றாள் அம்மா.

“நல்லா குடிக்கட்டும். நேத்து பூரா அந்தப் புழு பேண்ட தண்ணியிலதான் அந்தப் பாட்டில் கெடந்துச்சு.”

சுடலைமணி வாசலுக்கு ஓடினான். முத்தரசி அவனுடைய ஃபேனைப் பிடுங்கி வந்து தொட்டிக்கு நேராக வைத்தாள். தண்ணீர் சிலிர்த்தது. செவுள் அசைந்தது. தானாகவா, காற்றிலா? ஃபேனை நிறுத்திப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.