இனம்: குதிரை

"செப்டம்பர் 15, திங்கள். பிழை: எலிக்கூண்டு அட்டையில் 'இனம்' என்ற இடத்தில் 'குதிரை' என்று எழுதிவிட்டேன். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்."

அப்ரின் படிக்கும் ஆய்வகப் பயிற்சி மாலை வகுப்பில் தினமும் இப்படி எழுதிக் காட்ட வேண்டும். செய்தது, பிழை, நாளைய வேலை என்று மூன்று தலைப்பு. மற்றவர்கள் பிழைக்கு நேரே 'இல்லை' என்று எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். அவளுக்கு அது வராது.

பகலில் அவள் தேனிக்கு வெளியே ஒரு தனியார் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். அதன் பொறுப்பாளர் முத்துக்குமரன் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏத்தா, இந்தக் குதிரைக்குக் கொள்ளு வச்சியா?"

அப்ரின் சிரிக்கவில்லை. கூண்டுக்குள் இருந்த இரண்டு வெள்ளைச் சுண்டெலிகளுக்கும் அவள் சற்றுமுன் ஏற்றியது ஒரு குதிரையின் ரத்தம்.

சின்னமனூர் ஒச்சாண்டியின் குதிரை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற மாதிரி அது நிற்கும் படம் ஒன்று போன மாதம் செல்போன்களில் சுற்றியது. புகார் போனது. குதிரையைப் பிடித்துக்கொண்டுபோய்க் காப்பகத்தில் கட்டினார்கள். ஒச்சாண்டி மேல் வழக்கு: பட்டினி போட்டு வதைத்தார்.

காப்பகம் அனுப்பிய ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. 'நோய் இல்லை, தீவனக் குறைவு' என்று எழுதி முடித்துவிட முத்துக்குமரன் தயாராக இருந்தார்.

ஆனால் சர்ரா என்று ஒரு நோய் உண்டு. ஈ கடித்துப் பரவுவது. அதன் கிருமி ஒரு நாள் ரத்தத்தில் தலைகாட்டும், நாலு நாள் ஒளிந்துகொள்ளும். குதிரை நன்றாகத் தின்னும். தின்னத் தின்ன இளைக்கும். குதிரையிடம் ஒளிகிற அதே கிருமிக்குச் சுண்டெலியின் உடம்பில் ஒளியத் தெரியாது. பெருகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எலிகளுக்கு ஊசி போட அனுமதி கேட்கும் முன், இதைச் சொல்ல அப்ரின் மூன்று தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"ரெண்டு எலி. வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்கு மேல ஃபைல் நிக்காது" என்றார் முத்துக்குமரன்.

புதன்கிழமை ஒச்சாண்டியே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"கொள்ளும் புல்லும் போட்டேன் பாப்பா. தின்னுச்சு. தின்னது எங்கன போச்சுன்னுதான் தெரியல. எந்த மகராசன் செல்லுல படம் புடிச்சு அனுப்புனானோ, டீக்கடையில பட்டினிக்காரன்னு கூப்புடுறாக. ரெண்டு கல்யாண வீட்டுல குதிரையே வேணாம்னுட்டாக."

அப்ரின் வாயைத் திறந்தாள். "வெள்ளிக்கிழமை தெரிஞ்சுரும்ணே" என்பது மட்டும் வந்தது.

தினமும் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். செவ்வாய் ஒன்றுமில்லை. புதன் ஒன்றுமில்லை. வியாழனும் இல்லை என்றதும் ஊசி போட்டதில் தான்தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று தோன்றி, அளவையும் தேதியையும் மறுபடி சரிபார்த்தாள்.

வெள்ளி காலை ஒரு எலி மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கியிருந்தது.

அதன் சொட்டில், ரத்த அணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டு மெல்லிய நூல்கள் துள்ளின. ஒன்றிரண்டு அல்ல. பார்த்த இடமெல்லாம்.

அவள் முத்துக்குமரனின் மேசைக்கு ஓடினாள்.

"அறிக்கை நேத்தே போயிருச்சேத்தா" என்றார் அவர்.

காப்பகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்ததாம். சரி முடிச்சு விடுவோம் என்று அனுப்பிவிட்டாராம். அதில் பட்டினி என்றே எழுதியிருந்தாராம்.

அப்ரினுக்குக் காது மடல் சுட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று சொன்னது இவருடைய இதே வாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. குதிரை தின்றதைக் கிருமி தின்றுகொண்டிருந்தபோது, கொள்ளு போட்டவன் கையைக் குற்றவாளிக் கை என்று எழுத எத்தனை சுளுவாக முடிந்திருக்கிறது!

"இப்பப் போயித் திருத்தி அனுப்புனா நம்ம பேருதான் கெடும்."

"அவுக பேரு கெட்டுப்போச்சே சார், அது பேரில்லையா?"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் மேசையை விட்டு நகரவில்லை. முத்துக்குமரன் முனகிக்கொண்டே எழுந்துபோய் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

மதியத்துக்குள் அந்தச் சுண்டெலி செத்தது. மூன்று மணிக்குத் திருத்திய அறிக்கை போனது: 'சர்ரா. உடனே சிகிச்சை தேவை. உரிமையாளரின் பராமரிப்பில் குறை சொல்ல ஆதாரம் இல்லை.'

மாலை வகுப்பில் திரிஷா பக்கத்து பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் பஸ்ஸிலேயே கேட்டிருந்தாள்.

"பிழைங்குற எடத்துல அந்தாளு பேரை எழுதுடி. கிழிகிழின்னு கிழி."

அப்ரினும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன.

 ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, கீழே எழுதினாள்.

"செப்டம்பர் 19, வெள்ளி. நாளைய வேலை: ஏழரை மணி பஸ்ஸில் சின்னமனூர் போவது. திருத்திய அறிக்கையின் நகலை ஒச்சாண்டி அண்ணனிடம் கொடுப்பது. பஸ் ஜன்னலிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் புகார் அனுப்பியது நான்தான் என்று சொல்வது."