சமூகத்தின் சம்மதம்

“பிறேமினி, ஒரு வெளியாளாகிய உங்களை அந்த மக்கள் நம்புவார்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் வெள்ளைக்காரப் பேராசிரியர்.

மிகவும் அன்பாகத்தான் கேட்டார். கழுத்தில் ஏதோவொரு பழங்குடிப் பாசிமாலை வேறு. எந்தப் பழங்குடி என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாவிட்டால் பாவம்.

பழங்குடிக் கலைகளை ஆராயும் மாணவர்களுக்கு எங்கள் பல்கலைக்கழகம் கொடுக்கும் உதவித்தொகைக்கு நேர்முகம். கிடைத்தால் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் வாகரைக்குப் போய், கடலோர வேடர்களின் சடங்குப் பாட்டுகளைப் பதிவு செய்யலாம். கிடைக்காவிட்டால் லண்டன் ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடையில் கூடுதல் ஷிப்ட். எனக்கு வாகரைதான் வேண்டும். வேறெதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கப்பலில் வந்து நோய் கொடுக்கும் பேய்களை விரட்டுகிற சடங்கு என்று விளக்கினேன். எந்த நாட்டுக் கப்பல் என்று பேராசிரியர் ஆவலாகக் கேட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

பக்கத்தில் டொக்டர் புவனேந்திரன். சமூகப் பிரதிநிதியாம். பல் டொக்டர்தான், ஆனாலும் யாழ்ப்பாணத்தார் என்பதால் வேடர்களைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று பல்கலைக்கழகம் முடிவுகட்டியிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் தமிழில்.

“பிள்ளை, நீர் ஊரிலை எவடம்?”

எங்கள் ஆட்களுக்கு இதுதான் வணக்கம். ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள். கோயிலைச் சொன்னால் ஒழுங்கை எது, எந்தச் சந்து என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு கேட்க ஒன்றுமிருக்காது, சாதி தெரிந்துவிடும்.

திருகோணமலை டவுன் என்றேன். டவுன் பெரிது, ஒழுங்கை தேடிக் களைத்துவிடுவார்கள்.

டொக்டருக்குத் திருப்தி. நல்ல குடும்பத்துப் பிள்ளை, அந்தப் படிப்பறிவில்லாத சனத்தோடு கவனமாகப் பழகினால் சரி என்று ஆங்கிலத்தில் எனக்காகப் பரிந்து பேசினார். என்ன பெருந்தன்மை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசிக் கேள்வி பேராசிரியருடையது. அந்தச் சமூகம் சம்மதித்துவிட்டதா?

நான் டொக்டரைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னேன்.

“வாகரையிலை எல்லாருக்கும் சம்மதம், ஐயா. என்ரை மாமாக்கள் சடங்குக்குக் கொட்டிலும் போட்டாச்சு. ஈஸ்ட் ஹாமிலை ஒராள்தான் மாட்டனெண்டு நிக்கிறா. அம்மா. நாங்கள் வேட ஆக்களெண்டு லண்டனிலை ஒருத்தருக்கும் தெரியக்கூடாதாம்.”



பேராசிரியர் மொழிபெயர்ப்புக்காகப் புன்னகையோடு காத்திருந்தார்.

“சம்மதம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லையாம்” என்றார் டொக்டர், நல்ல ஆங்கிலத்தில்.

நான் திருத்தியிருக்கலாம். நாங்கள் வேட ஆட்கள் என்ற அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் சொன்னால் பணம் எனக்குத்தான், என் படத்தையும் கதையையும் இணையத்தளத்தில் பெருமையாகப் போடுவார்கள். ஆனால் வாய் வரவில்லை.

பேராசிரியர் மிகுந்த அன்போடு, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. அம்மா கேட்டிருந்தால் டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பா.